பார்க்க மட்டும் அனுமதி

கள்ளிக்குப்பத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போன பெண்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள் சொர்ணம் ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். தொண்ணூற்றாறில் அங்கே ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் கண்ணாடி அறை ஒன்று கட்டி அவளை உட்கார வைத்தார்கள்.

பழுக்கக் காய்ந்த இரும்பை எண்ணெய்த் தொட்டியில் முக்கி எடுக்கும் ஷெட்டை அங்கிருந்தே திரையில் கண்காணிப்பது அவள் வேலை. தொட்டிகளில் பொருத்திய கருவிகள் கேபிள் வழியாகச் சூட்டின் அளவை அனுப்பிக்கொண்டே இருக்கும். கருவி பதில் சொன்னால் திரையில் பச்சை. பேச்சு நின்றால் சிவப்பு. சிவப்பு என்றால் தொட்டி கெட்டுப்போயிற்று என்று அர்த்தமில்லை. அங்கே என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம். சொர்ணம் பயந்தது அதற்குத்தான்.

அவளுடைய பாஸ்வேர்டு பார்ப்பதற்கு மட்டும். சூட்டை அணைப்பதும், ஆட்களை வெளியேற்றச் சங்கு ஊதுவதும் இன்ஜினியர் ரகுநாதனின் பாஸ்வேர்டில்தான் நடக்கும். மூன்றாம் தொட்டியின் கேபிளில் தொடர்பு அடிக்கடி விட்டுப்போய் வீணாக அடித்ததால், ஷெட்டிலிருந்த அதன் எச்சரிக்கை மணியையே அவர் நிறுத்தி வைத்திருந்தார்.

"சார், நிறுத்தற பர்மிஷன் எனக்கும் குடுங்க."

"ஆளாளுக்கு நிறுத்தினா புரொடக்‌ஷன் என்னம்மா ஆகும்? நீ பாரு, சொல்லு. அது போதும்."

ஒரு மழைநாள் மதியம் மூன்றாம் தொட்டி சிவப்பானது. போன் செய்தாள்.

"ஈரம் பட்டிருக்கும். மீட்டிங் முடிச்சிட்டு வர்றேன்" என்று ரகுநாதன் வைத்துவிட்டார்.

சிவப்பு மாறவில்லை. ஷெட்டுக்குப் போன் அடித்தாள். அந்த இரைச்சலில் யாரும் எடுக்கவில்லை. எழுந்து ஓடினாள். அவள் தெருக்காரர் சின்னப்பையன் இரும்புக் கூடையைத் தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்தே, எறக்காத!"

அவர் காதருகே கையை வைத்துத் திரும்பினார். "இன்னாம்மே?"

அளவு மீறிக் காய்ந்திருந்த எண்ணெய் குபீரென்று பற்றிக்கொண்டது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து சின்னப்பையன் செத்துப்போனார்.

விசாரணையில் சொர்ணம் எதையும் மறைக்கவில்லை. கேபிள், மணி, போன் எல்லாவற்றையும் சொன்னாள். தொழிலாளியின் கவனக்குறைவு என்றே முடிவு செய்தார்கள். ரகுநாதனை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

துக்கம் கேட்கப் போனாள். சின்னப்பையனின் மனைவி கெங்கம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீ பாத்துகினுதானே இருந்தே? அதானேம்மே உன் வேலை?"

"பாத்தேங்க்கா. ஆனா எனக்கு..." அனுமதி, பாஸ்வேர்டு என்று அந்த வீட்டில் எதை விளக்குவது?

அடுத்த மாதம் சங்கு ஊதும் அனுமதி அவளுக்கு வந்தது. ஒவ்வொரு சிவப்புக்கும் ஊதினாள். ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றார்கள். மேலாளர் திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டே ஊதினாள். தாங்க முடியாமல் கடைசியில் கேபிளை மாற்றினார்கள்.

கெங்கம்மாள் மட்டும் தெருவில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். சொர்ணம் கல்யாணமாகித் திருமுல்லைவாயிலுக்குக் குடிபோகும்வரை அது மாறவில்லை.