கலைச்செல்வி வீட்டு மிஷினுக்கு எந்தப் பேஸ்ட்?

தெர்மல் பேஸ்ட் போடுகிற தொழிலில், பேஸ்ட்டைவிடச் சீக்கிரம் காய்ந்துபோவது அதைப் போடுகிறவன்தான். கம்ப்யூட்டர் பழுது பார்த்துப் பிழைக்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸருக்கும், அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் உலோகக் கூலருக்கும் நடுவில் பூசுவது இது. காய்ந்துபோனால் சூடு மேலே ஏற வழியில்லாமல் மிஷின் தானாக அணைந்துவிடும்.

இரவில் நான் கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியின் சர்வர் ரூமில், ஏ.சி. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். படித்து வந்த வேலை இல்லை. பிரித்துப் பிரித்துப் பார்த்து வந்தது. பகலில் படுத்தால் தூக்கம் வராது. வராத தூக்கத்துக்காகக் காத்துக் கிடப்பானேன் என்று, தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் யார் கூப்பிட்டாலும் கிளம்பிவிடுவேன். அப்படிக் கூப்பிட்டவள்தான் மாடம்பாக்கம் கலைச்செல்வி.

மணக்கும் மிஷின்

துணிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிப்போய், அந்த வேலையை விட்டுவிட்டு, கல்யாண வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டவள் அவள். குரோம்பேட்டை ஸ்டுடியோக்காரர் ஒருவர் முதல்முறையாக ஒரு கல்யாணத்தைக் கொடுத்துப் பார்த்திருந்தார். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை ஃபிளைட் ஏறுகிறார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வீடியோ கைக்கு வந்தால் தொடர்ந்து வேலை. வராவிட்டால் மறுபடியும் துணிக்கடை. மிஷினோ பாதி வீடியோ தயாராவதற்குள் அணைந்து அணைந்து போனது.

கூலரைக் கழற்றினேன். கோயிலுக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாசனை. பிராசஸரின் மேல் வெடித்துக் காய்ந்த சந்தனம். பழைய பேஸ்ட் காய்ந்துவிட்டதை அவளே கண்டுபிடித்து, சுரண்டி எடுத்து, குளிர்ச்சியான பொருளாயிற்றே என்று சந்தனத்தைக் குழைத்துப் பூசியிருக்கிறாள். நோயைச் சரியாகத்தான் பிடித்திருந்தாள். பேஸ்ட் குளிர்ச்சி தராதும்மா, சூட்டுக்கு வழிதான் விடும் என்று நான் நீட்டி முழக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "ரெண்டு நாள் நல்லாத்தான் ஓடிச்சுண்ணா. வாசனையும் வந்துச்சு."

மூன்று மாப்பிள்ளைகள்

பேஸ்ட் வாங்க ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்றை எடுத்துப் போட்டார். ஒன்று, டப்பாவில் வெள்ளைப் பேஸ்ட். விலை குறைவு, அலுவலகத்தில் கணக்கெழுதும் மிஷினுக்குப் போதும். ஆனால் கலைச்செல்வி உட்கார்ந்து வேலை செய்வது மொட்டைமாடியில் ஷீட் போட்ட அறை. அந்தச் சூட்டில் இது சீக்கிரமே அப்பளமாகிவிடும். இன்னொன்று, வெள்ளி மாதிரி பளபளவென்று உருளும் திரவ உலோகம். சூட்டைக் கடத்துவதில் சூரன்தான். ஆனால் மின்சாரத்தையும் கடத்தும். ஒரு சொட்டு பக்கத்தில் வழிந்தால் போர்டு போச்சு. அலுமினியக் கூலரில் பட்டால் அதையும் அரித்துவிடும். அவளுடையது அலுமினியக் கூலர்.

மிச்சம், ஊசி போடும் சிரிஞ்சு மாதிரி குழலில் வந்த சாம்பல் நிறப் பேஸ்ட். கெட்டியானது, மின்சாரம் கடத்தாதது, நாள்பட உழைக்கும் என்று போட்டிருந்தது. அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது சரியில்லை என்றால் போவது என் பெயர் மட்டும் இல்லையே. கடைக்காரர் கல்லாவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தார். "அண்ணா, என் தங்கச்சிக்கு மாப்ள பாத்தப்பகூட நாங்க இவ்ளோ யோசிக்கல."

ஒரு பொட்டு

பேஸ்ட்டை எவ்வளவு வைப்பது என்பதில் நம் தொழில்காரர்களே இரண்டு கட்சி. நான் நடுவில் ஒரு பொட்டு வைக்கிற கட்சி; கூலரை அழுத்தி முடுக்கும்போது அதுவே பரவிக்கொள்ளும். நிறையப் பூசினால் பேஸ்ட்டே சூட்டுக்குப் போர்வையாகிவிடும்.

கலைச்செல்வியின் புருஷன் சேகர், தள்ளுவண்டியில் டிபன் கடை வைத்திருப்பவர். காலை வியாபாரத்தை முடித்துவிட்டு வந்து பக்கத்தில் குந்தினார். நான் பொட்டை வைத்துவிட்டுக் குழலை மூடியதும், மீதி எங்கே என்று பார்த்தார். இவ்வளவுதான் என்றேன். முகம் சுருங்கிப்போனது. "இன்னாண்ணா நீ, அவளுக்கு வாய்க்கையே இதுல மாட்டிகினு கீது. சட்னி வைக்கசொல்லோகூட நான் இவ்ளோ கஞ்சத்தனம் பண்ண மாட்டேன்."

வெயிலில் மழை

சனிக்கிழமை மதியம், முழு வீடியோவையும் தயாராக்கும் கடைசி ஓட்டம். காலை வரை அழகாக ஓடிய மிஷின், ஷீட் காய ஆரம்பித்ததும் மூச்சு வாங்கியது. என் பேஸ்ட் சூட்டுக்கு வழி விட்டது. வழி விட்ட சூடு போய்ச் சேர அந்த அறையில் இடம்தான் இல்லை. திரையில் டிகிரி ஏற ஏற கலைச்செல்வி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறியது. பாதியில் நின்றால் முதலிலிருந்து ஓட்ட நேரமில்லை.

சேகர் எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் ஷீட்டின் மேல் சடசடவென்று சத்தம். கடைக்கு வைத்திருந்த கோணிகளையெல்லாம் ஷீட் மேல் விரித்து, தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று டியூபால் நனைத்துக்கொண்டிருந்தார். கோணி காயக் காய மறுபடி தண்ணீர். டிகிரி தயங்கியது, நின்றது, மெல்ல இறங்கியது. சாயங்கால வியாபாரத்துக்கு மாவு எடுத்து வைக்கும் நேரமும் போயிற்று, அவர் இறங்கவில்லை.

ஸ்டுடியோக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். சுள்ளென்ற வெயிலில் அந்த ஒரு கூரையிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டுவதையும், மேலே தலைத்துண்டோடு நிற்கும் ஆளையும் அண்ணாந்து பார்த்தார். உள்ளே வந்து, வீடியோ முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பென்டிரைவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் வாயைத் திறந்தார். "வைகாசியில நாலு முகூர்த்தம் இருக்கும்மா, நாலும் உனக்குத்தான். அவரைக் கீழ இறங்கச் சொல்லு, சளி புடிச்சுக்கப் போவுது."

எந்தப் பேஸ்ட் நல்லது என்று இப்போதெல்லாம் யாராவது கேட்டால், பெயரைச் சொல்லிவிட்டு, கூரைமேல் தண்ணீர் ஊற்ற வீட்டில் ஓர் ஆள் இருக்கிறாரா என்றும் விசாரித்துக்கொள்கிறேன். அப்படி ஓர் ஆள் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை என்று எனக்குத் தெரியும்.