முட்டி வரைக்கும்

பாயை நினைத்தால் முதலில் கண்ணில் படுவது அவருடைய உள்ளங்கைதான். காலி வீட்டைத் திறந்துவிட்டு, வந்தவர்கள் சமையலறையையும் குளியலறையையும் எட்டிப் பார்த்து முடிக்கும்வரை வாசலில் நின்றிருப்பார். பிறகு உள்ளே வந்து, கூடத்துச் சுவரோரம் காலை ஒட்டி வைத்து நின்று, சற்றே குனிந்து, தன் முட்டி இருக்கும் உயரத்தில் உள்ளங்கையைச் சுவரில் வைப்பார். வெளியே மே மாத வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். “மழைல தண்ணி இங்க வரைக்கும் வந்துச்சும்மா” என்பார். சிலர் அவசரமாகத் தங்கள் காலைப் பார்த்துக்கொள்வார்கள். “உங்க முட்டி இல்ல, என் முட்டி. நான் குள்ளம்” என்பார். வேறொரு வீட்டில் கை கணுக்காலுக்கு இறங்கும். இன்னொன்றில் இடுப்புக்கு ஏறும். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பது அவர் உடம்பிலேயே இருந்தது.

அவர் வீட்டுத் தரகர். மந்தைவெளியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பாதியை வாடகைக்கு எடுத்து, ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், தன் பெயர் எழுதிய ஒரு தகரப் பலகை என்று நடத்திக்கொண்டிருந்தார். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஓட்டலில் மேசை துடைத்தேன், மேற்கு மாம்பலத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்தேன், இணையம் வாடகைக்குக் கொடுக்கும் கடையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு தரமணியில் ஒரு அலுவலகத்தில், கம்பெனிகளின் இணையப் பக்கங்களைத் தேடலில் முதலாவதாக வரவைக்கும் வேலையைக் கற்றுக்கொண்டேன். எஸ்.இ.ஓ. என்பார்கள். அந்த அலுவலகம் மூடியபோது எனக்கு அறையும் இல்லை. ஜெராக்ஸ் கடையின் பின்பக்கம் படுத்துக்கொள்ளலாம் என்றார் பாய். பதிலுக்கு அவருக்கு ஒரு இணையப் பக்கம் செய்து தருவதாகச் சொன்னேன்.

அவரைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. எல்லாத் தரகர்களையும் போல அவரும் புளுகுவார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும் வீட்டில் நின்றுகொண்டு, “கடல் காத்து சும்மா பிச்சிக்கினு வரும்” என்பார். மாடியில் நாள் முழுக்கச் சண்டை போடும் குடும்பத்தை ‘தங்கமான மனுசங்க’ என்பார். தண்ணீர் விஷயத்தில் மட்டும் புளுக மாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “காத்து இல்லாங்காட்டி ஃபேன் போட்டுக்கலாம் நைனா. தண்ணிக்கு இன்னா போடுவ?” என்றார். சுவரில் கை வைத்த பிறகு பாதிப் பேர் போய்விடுவார்கள். தங்கியவர்கள் தங்கள் உறவுக்காரர்களையும் அவரிடமே அனுப்பினார்கள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது, எல்லோரும் வீட்டை போனில் தேடத் தொடங்கும்வரை.

பக்கத்தை நான் நேர்மையாகத்தான் தொடங்கினேன். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பக்கம். பாய் சொல்லச் சொல்ல எழுதினேன். பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம், குடிநீர் லாரி வருமா, மழையில் முட்டியா இடுப்பா. இரண்டு மாதம் ஒரு அழைப்பும் வரவில்லை. தெருவின் பெயரைத் தேடலில் தட்டிப் பார்த்தேன். மீதியை அதுவே நிரப்பியது: ‘மழைத்தண்ணீர் நிற்குமா?’ ஊரே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. தி. நகரின் பெரிய கம்பெனிகளின் பக்கங்களில் அந்தக் கேள்வி அப்படியே இருந்தது, கீழே ஒரே சொல்லில் பதிலும் இருந்தது. அவர்கள்தான் மேலே வந்தார்கள். கேட்கும் சொற்களிலேயே கேள்வியை வை, விரும்பும் பதிலை முதல் வரியில் கொடு. தரமணியில் எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அதுதான்.

அடையாறில் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தரைத்தள வீடு ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. பாயின் கணக்கில் அது முட்டி. அந்தத் தெருவின் பக்கத்தைத்தான் முதலில் மாற்றினேன்.

அடுத்த வாரம் அழைப்புகள் வரத் தொடங்கின. பாய்க்குச் சந்தோஷம். இன்னா எழுதிக்கிற, படிச்சுக் காட்டு என்றார். சர்க்கரை அவர் கண்ணில் இறங்கியிருந்தது, எதிரே வரும் பஸ்ஸின் எண்கூடத் தெரியாது. போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படித்தேன். தேநீர்க் கடை, பள்ளிக்கூடம், பஸ் எல்லாவற்றையும் உள்ளபடி படித்தேன். தண்ணீர் வரி வந்தபோது, திரையில் இருந்ததை விட்டுவிட்டு, நான் அழித்துவிட்ட பழைய வரியைச் சொன்னேன். “பெருமழையில் முட்டி வரை தண்ணீர் வரும்.” குரல் தடுமாறவில்லை. “அது கரீட்டு” என்று தலையாட்டினார். எழுதும்போது நான் செய்ததை வேலை என்று சொல்லிக்கொள்ளலாம். படிக்கும்போது செய்ததற்கு அப்படி ஒரு பெயர் இல்லை.

அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் மயிலாப்பூரில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். அவர் இருந்த பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். கணவர் பக்கவாதத்தில் படுத்தவர். மாடி ஏற்ற முடியாது, அதனால் தரைத்தளம்தான் வேண்டும். தரைத்தளம் என்றால் தண்ணீர் வராத தெருவாக வேண்டும். அவர் தேடியது அவ்வளவுதான்.

வீட்டைச் சுற்றிப் பார்த்து முடித்தார். பாய் வழக்கம்போலச் சுவரோரம் போய் நின்று குனியப் போனார்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் பாய்” என்றார் டீச்சர். “உங்க பக்கத்தை ஒரு வரி விடாம படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். தண்ணி விஷயமும் பார்த்துட்டேன்.”

“படிச்சிட்டீங்களா?” பாய் நிமிர்ந்தார். முகத்தில் ஒரு திருப்தி. “அதுவும் ஒத்து வருதாம்மா?”

“அதுக்காகத்தானே வந்தேன்.”

பாய் ஒரு கணம் யோசித்தார். “ஐயாவுக்குக் கட்டில் மட்டும் கொஞ்சம் ஒசரமா போட்டுக்கங்க.”

“டாக்டரும் அதையேதான் சொன்னார்” என்றார் டீச்சர். “குனிஞ்சு குனிஞ்சு தூக்கி என் முதுகு போயிடறது.”

இருவரும் சிரித்தார்கள். நான் கதவருகே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வாக்கியம் போதும். நான் சொல்லவில்லை. திரும்பும் வழியில் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்த பாய், “தைரியமான பொம்பள. தெரிஞ்சே வராங்கன்னா மாடில யாரோ தெரிஞ்சவங்க கீறாங்க போல” என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் பக்கத்தால் படிந்த முதல் வீடு அது என்ற எண்ணத்தோடு சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு மழை விடாமல் அடித்தது. பகல் பதினோரு மணிக்குத் தெருவில் நுழைந்த தண்ணீர் இரண்டு மணிக்குள் பாயின் முட்டிக்கு வந்துவிட்டது. முட்டி உயரம் என்பது ஒரு கட்டிலின் உயரம். மெத்தை நனைந்த பிறகுதான் மாடிக்காரர்களுக்கு டீச்சரின் குரல் கேட்டிருக்கிறது. அவர் கணவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நான்கு பேர் படிக்கட்டின் திருப்பம்வரை தூக்கியிருக்கிறார்கள். அதற்கு மேல் நாற்காலி திரும்பவில்லை. மின்சாரம் இல்லாமல், ஈரத் துணியோடு இரண்டு நாள் அந்தத் திருப்பத்திலேயே இருந்தார். நெஞ்சில் சளி கட்டியது. மறுவாரம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

ஒரு மாதம் கழித்து டீச்சர் மந்தைவெளிக்கு வந்தார். பாய் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து, பாடம் படிப்பதைப் போல நிதானமாகப் படித்தார்.

“‘மழைக்காலத்தில் இந்தத் தெருவில் தண்ணீர் தேங்குமா? தேங்காது. இது மேடான பகுதி. தரைத்தளத்தில் முதியவர்களோடு நிம்மதியாகக் குடியிருக்கலாம்.’ நீங்க எழுதினதுதானே பாய்?”

பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாய் காதைச் சற்றுத் திருப்பினார். “இன்னொரு தபா படிங்கம்மா” என்றார்.

அவர் மறுபடி படித்தார். பாயின் பார்வை என் பக்கம் வரவே இல்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என் பேர்ல கீறது நான் சொன்னதுதான்மா” என்றார்.

“திட்டிட்டுப் போகணும்னுதான் வந்தேன்” என்றார் டீச்சர். “ஆத்துல இருந்து கிளம்பறச்சே என்னென்னமோ சேர்த்து வச்சிருந்தேன். இப்ப ஒண்ணுமே வரலை.” போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

துடைத்துப் போட்ட நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு பாய் கேட்டார். “நீ படிச்சப்ப முட்டின்னு படிச்சியே?”

“ஆமா பாய்.”

“சரி” என்றார். அவ்வளவுதான் கேட்டார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அன்றே பக்கத்தை அழித்தேன். மறுநாள் காலை தகரப் பலகையை அவரே கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். தெரிந்தவர்கள் வீடு கேட்டு வந்தால், இப்போது பார்ப்பதில்லை என்று சொல்லி அனுப்பினார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஆம்பூரில் மகள் வீட்டில் இறந்ததாகக் கேள்விப்பட்டேன். நான் அப்போது வேறு ஊரில், வேறு யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் தி. நகரில் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம் ஒன்றில், ஒரு இளம் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் என்னை உட்கார வைத்துக் கேட்டார். “பாஸ், இப்பல்லாம் யாரும் சைட்டுக்குள்ள வர்றதே இல்ல. கேள்வி கேட்டா போனே பதில் சொல்லிடுது. இன்னும் எஸ்.இ.ஓ. பண்றதுல ஏதாச்சும் யூஸ் இருக்கா, இல்ல வேஸ்ட்டா? உண்மையச் சொல்லுங்க.”

அவர் போனையே வாங்கி, அடையாறில் டீச்சர் குடிபோன அந்தத் தெருவின் பெயரைச் சொல்லி, மழையில் தண்ணீர் நிற்குமா என்று கேட்டேன். ஒரு மூச்சு விடும் நேரம்தான். இது மேடான பகுதி, தண்ணீர் தேங்காது, முதியவர்களோடு குடியிருக்க ஏற்றது என்று உள்ளூர் வீட்டுத் தரகர்கள் சொல்வதாகப் பதில் வந்தது. நான் அழித்த பக்கத்தை அதற்கு முன்பே யார் யாரோ நகல் எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். அங்கிருந்து இது எடுத்துக்கொண்டிருக்கிறது.

“யூஸ் இருக்கு” என்றேன். “முன்னைவிட அதிகம்.”

அவர் மகிழ்ந்துபோய் வேலையைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். எனக்கு வேறு வேலை தெரியாது.

அங்கிருந்து பஸ் பிடித்து அடையாறு போனேன். அந்த வீட்டு வாசலில் மினி லாரி நின்றிருந்தது. இரண்டு பேர் ஒரு ஃபிரிட்ஜை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் புது டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள், பழைய கறை எதுவும் தெரியவில்லை. சக்கர நாற்காலி ஒன்று மடித்துச் சாத்தப்பட்டிருந்தது. புதிதாகக் குடிவருபவர் போல இருந்தவரிடம், உள்ளே ஒரு நிமிடம் வரலாமா என்று கேட்டேன். சுவரோரம் போய் நின்றேன். பாய் என்னைவிடக் குள்ளம், அவர் முட்டி எனக்கு முட்டிக்குக் கீழே. நன்றாகக் குனிந்து உள்ளங்கையை டைல்ஸில் வைத்தேன்.

“மழைல தண்ணி இங்க வரைக்கும் வரும் சார்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க இந்தத் தெருவா?”

“இல்ல.”

“புரோக்கரா?”

“இல்ல.”

போனை எடுத்து எதையோ கேட்டார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். படிக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. “விசாரிச்சுட்டுத்தாங்க வந்திருக்கோம்” என்றார், மரியாதையாகவே. பிறகு ஆட்களிடம் திரும்பி, ஃபிரிட்ஜை அந்தச் சுவரோரம் வைக்கச் சொன்னார். அதற்கு வழிவிடுவதற்காக நான் கையை எடுத்தேன்.