பதினோரு ஒன்றுகளை வகுத்தவர்

பண்டாரவளை ரயில் நிலையத்துக்குத் தேயிலை ஏற்றிவந்த வண்டிக்காரர்தான் சொன்னார். "பெட்டியில நம்பர் எழுதுற சடையாண்டி போயிட்டாருங்க. காய்ச்சல். அடக்கம் பண்ணி நாலு நாளாச்சு."

பூனாகலைத் தோட்டத்தில் ஆறு வருடம் முன்பு அவரோடு வேலை பார்த்த எழுத்தர் நான். எனக்குச் சொல்லியனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை. 'நம்பர் பைத்தியம்' என்று அவரைக் கேலி செய்த தோட்டத்துக்காரர்களே, உங்களில் பலர் பாடைக்குப் பின்னால் நடந்திருப்பீர்கள். நான் செய்தது கேலியைவிடக் கேவலம்.

ஒரு திருவிழாவின்போது பதுளைப் பாடசாலைத் தலைமையாசிரியர் ஒருவர், பதினோரு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண்ணை, ஒன்றையும் அதே எண்ணையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் நின்ற சடையாண்டி திரும்பி வந்து என்னிடம் கேட்டார்: "முடியாதுங்கிறாரே, வகுத்துப் பாத்தாரா?"

அவர் வகுத்துப் பார்த்தார். மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று, வேறெதனாலும் வகுபடாத எண்களாகத் தேடி எடுத்து, வேலை விட்டதும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்து, வீணான லேபிள்களின் பின்பக்கத்தில் மூன்று வருடம் வகுத்தார்.

ஒரு நாள் என் மேசையில் ஒரு தாளை வைத்தார். "மீதி விழலைங்க ஐயா."

21,649ஐ 5,13,239ஆல் பெருக்கிப் பார்த்தேன். பதினோரு ஒன்றுகள் வந்தன. அந்த இரண்டு எண்களையும் இருபத்திரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சுவதையும் அவரே கண்டிருந்தார். "இது முன்னமே தெரிஞ்சிருந்தா அப்படி ஒண்ணு மிஞ்சுற நம்பரால மட்டும் வகுத்திருப்பேன், மூணு வருஷ வேலை மூணு மாசத்துல முடிஞ்சிருக்கும்" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

தலைமையாசிரியரிடம் தாளைக் காட்ட, துவைத்த வேட்டியோடு என்னுடன் பதுளைக்கு வந்தார். தலைமையாசிரியர் எனக்கு நாற்காலி போட்டார். சடையாண்டியை முற்றத்தில் நிற்கவைத்தார்.

"எந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதினே?"

"பெருக்கிப் பாருங்க ஐயா. கொஞ்ச நேரந்தான் ஆகும்."

தலைமையாசிரியர் பென்சிலைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவர். இது சரியான்னு பாத்தீங்களா?"

அந்தப் பாடசாலையில் ஆசிரியர் வேலை கேட்டு என் தம்பி எழுதிய விண்ணப்பம் அவர் மேசைமேல் கிடந்தது.

"இல்லைங்க, நான் பாக்கல" என்றேன்.

சடையாண்டி தாளைக் கேட்டு வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். திரும்பித் தோட்டத்தை நெருங்கும்போது, "பதின்மூணு ஒண்ணு லேசா உடைஞ்சிருச்சுங்க. அம்பத்துமூணுல போகுது. இனி பதினேழு ஒண்ணு பாக்கணும்" என்றார். பிறகு எந்தத் தாளையும் அவர் என்னிடம் கொண்டுவரவில்லை. தம்பிக்கு வேலை கிடைத்தது.

போன வாரம் பூனாகலைக்குப் போனேன். மழையில் விறகு நனைந்து அடுப்பு பற்றாததால் தாள்களையெல்லாம் எரித்துவிட்டதாகச் சடையாண்டியின் மனைவி சொன்னார். "அதுல ஏதாச்சும் இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். இதைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் வேறு.

பதினேழு ஒன்றுகளில் அவர் எதுவரை போனார் என்று எனக்குத் தெரியாது. அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பவை அந்த இரண்டு எண்களும், அவற்றைப் பார்க்கவே இல்லை என்று சொன்ன என் குரலும்தான்.