மாப்பிள்ளை சொன்ன மூடுபனி

போன ஞாயிற்றுக்கிழமை சவுத்எண்ட் கடற்கரையில் ஒரு புதுமணத் தம்பதியைத் தொலைத்துவிட்டோம்.

மாப்பிள்ளை பிரதீபன் என் அக்கா மகன். பெண் சுபா, வடலண்டன் எட்மண்டன் பிள்ளை. கல்யாணம் முடிந்த கையோடு கடற்கரையில் வீடியோ எடுக்காவிட்டால் லண்டனில் அந்தக் கல்யாணம் செல்லாது, தெரியும்தானே?

பிரதீபனின் வேலைதான் அவன் மாமியாருக்கு, சுபாவின் அம்மாவுக்கு, பிடிபடவில்லை. கடலையும் காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, கரையோர வானிலையைச் சொல்லும் கம்ப்யூட்டர் மாடல் செய்கிறான். முன்பெல்லாம் காற்றுக்குத்தான் கணக்காம். கடல் சும்மா கிடக்கும். இப்போது ஒன்றின் சூடு, குளிரை மற்றது அடிக்கடி விசாரித்துக்கொள்ளும்... சம்பந்திகள் போன் பேசுகிற மாதிரி. என்ன, இவை சண்டை பிடிப்பதில்லை.

"மழை வருமோ எண்டு சொல்லுறதுக்கு ஒரு டிகிரியோ?" இது மாமியார்.

சனிக்கிழமையே பிரதீபன் சொன்னான். "மாமி, காத்து சூடு, கடல் இன்னும் குளிர். காலமை கரையில மூடுபனி நிக்கும். மத்தியானத்துக்குப் பிறகு போவம்."

"டிவியில வெய்யில் எண்டெல்லோ சொன்னவங்கள்? பின்னேரம் ராகுகாலம் வேற. காலமையே வெளிக்கிடுவம்."

காரில் அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வெயில் எறித்தால் அவன் வேலை நாறிப்போகும். பனி வந்தால் பெண்டாட்டியின் ஆல்பம் நாறிப்போகும்.

"எது வரவேணும் எண்டு நினைக்கிறாய்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வெய்யில்தான், மாமா."

நல்ல பிள்ளை!

வழி முழுக்க வெயில். மாமியார் வெற்றிக் களிப்பில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். சவுத்எண்டில் இறங்கினால்... கடலையே காணோம்! வெள்ளை வெளேரென்று பனி.

"ரெண்டடி தள்ளி நில்லுங்கோ" என்றார் வீடியோக்காரர். நின்றார்கள். அதோடு சரி — ஆளைக் காணோம்.

"சுபா! தம்பி!" மாமியார் கத்தினார். பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம். சுபாவின் பெரியம்மா வீட்டில் விருந்து, ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டில் விருந்து... அவர்கள் இருவரும் தனியாக ஒரு தேத்தண்ணி குடித்திருப்பார்களா? ஊரைக் கூட்டித்தான் சேர்த்து வைக்கிறோம். பிறகு அந்த ஊர் எழும்பிப் போனால்தானே!

மத்தியானம் பனி விலகியது. இருவரும் ஒரு பெஞ்சில் இருந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். சுபா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மண்டபத்தில் வீடியோக்காரர் கெஞ்சியும் வராத சிரிப்பு. எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

மாமியார் மருமகனை முறைத்தார். "சொன்னனீங்கள்தான்... ஆனா இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமெல்லோ?"

திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் சுபா அவன் காதோடு கேட்டது எனக்கும் கேட்டது.

"அடுத்த மூடுபனி எப்ப?"

அப்பாடா... பெண் வீட்டில் ஒருவருக்காவது மாப்பிள்ளையின் வேலை புரிந்துவிட்டது!