இரண்டாவது எண்

விராலிமலையில் ஓர் உரக்கடை மாடியில்தான் எங்கள் அலுவலகம். ஊர் ஊராகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துப் பதிவு செய்யும் பெண்களுக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். கடவுச்சொல்லை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு திரிந்தார்கள். அதனால் உள்நுழையும் முறையை மாற்றினேன். ஒருவர் வழக்கமாகப் புழங்கும் இடங்களை அவருடைய போனே தெரிந்துவைத்திருக்கும்; அங்கிருந்து திறந்தால் கடவுச்சொல் கேட்காது. எங்கள் சர்வருக்கு இடம் வராது. அவரா இல்லையா என்ற பதில் மட்டும் வரும். புது இடம் என்றால், படிவத்தில் அவர் கொடுத்த இரண்டாவது எண்ணுக்கு, அவர்தானா என்று கேட்டு ஒரு செய்தி போகும். வெளியே போகக்கூடாதவற்றைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக அடைத்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பெண்களில் ஒருவர் கூப்பிட்டார்.

"மேடம், போன வாரப் பதிவ அனுப்பலாம்னு தொறந்தேன். புது இடம், ரெண்டாவது எண்ணுக்குச் செய்தி அனுப்பவான்னு கேக்குது. குடுத்துரவா?"

"எங்கக்கா இருக்கீங்க?"

குரல் தாழ்ந்தது. "கட்டுமாவடியில, சித்தி மக வீட்ல. பிள்ளையத் தூக்கிட்டு வந்துட்டேன். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா வெட்டிருவாரு."

அவருடைய படிவத்தைத் தேடி எடுத்தேன். இரண்டாவது எண், கணவருடையது. பயிற்சிக்கு வந்த எல்லாப் பெண்களும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். யாரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தச் செய்தியில் ஊர்ப் பெயரும் இருக்கும். உறவினர் பயப்படாமல் இருக்கட்டும் என்று நான்தான் சேர்த்தேன். போனிலிருந்தே நேராகப் போவதால் அது என் பட்டியலில் வரவேயில்லை.

"அமுக்கிராதீங்கக்கா!"

"அமுக்கல. அது பாட்டுக்கு நம்பர் கொறையுது மேடம். நாப்பது, முப்பத்தொம்போது..."

பொத்தானைத் தேடித் தடுமாறுகிறவர்களுக்காக, நேரம் முடிந்தால் செய்தி தானாகவே போகும்படி வைத்திருந்தேன்.

"ஏரோப்ளேன் மோடு போடுங்க."

"அது எங்கிட்டு இருக்கு? இடமே சாவின்னு பெருசாச் சொன்னீங்க, இப்ப அதுவே என்னயக் காட்டிக் குடுக்குது பாருங்க."

"மேலருந்து கீழ இழுங்க. விமானப் படம்."

இணைப்பு அறுந்தது. விமானப் படத்தை அமுக்கிவிட்டாரா, அதற்குள் செய்தி போய்விட்டதா? எங்கள் சர்வரில் பார்த்து எந்தப் பயனும் இல்லை. அதற்கு எதுவுமே தெரியக்கூடாது என்றுதானே கட்டியிருந்தேன்.

கால் மணி கழித்துச் சித்தி மகளின் போனிலிருந்து பேசினார்.

"அனுப்பப்பட்டதுன்னு இருக்கு மேடம்."

"உடனே கெளம்புங்கக்கா. அந்தப் போன வெச்சுட்டுப் போங்க. நேரா மகளிர் ஸ்டேஷன்..."

"இல்ல மேடம், வேற ஒரு எடம் இருக்கு..."

"எனக்குச் சொல்லாதீங்க. யாருக்குமே சொல்லாதீங்க."

பிள்ளை செருப்புக்காக அழுவது கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

நாலு மணிக்கு அதே எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு. இந்த முறை பேசியது சித்தி மகள்.

"அவரு வந்தாரு. உள்ள வந்து எல்லாத்தையும் பொரட்டிப் பாத்தாரு. அக்கா எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியாதும்மா," என்றேன்.

அது உண்மைதான். ஆனால் எதிர்முனையில் யாரோ அழுத்தமாக மூச்சுவிட்டார்கள். அவள் பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.