ஐந்தாவது கணினிக்கு எதிரே ‘சுடா’

“வியாழன், 6 பிப்ரவரி. பகுப்பாய்வு மென்பொருள். கணினிகள் ஐந்து. ஐந்தும் சுடா.”

எங்கள் பிரிவின் பராமரிப்புப் புத்தகத்தில் என் கையெழுத்தில் உள்ள வரி இது. மலேசியாவின் ஜொகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிய ஆண்டு. அடுத்த செவ்வாய் தைப்பூசம். தேதி சரி, கிழமை சரி. ‘ஐந்தும்’ என்பது பொய். அன்று நான் புதுப்பித்தவை நான்கு.

செனாய் பக்கம் பிளாஸ்டிக் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். அப்போது என்னோடு ஒரு பெண்ணும் வேலை செய்தார். பெக்கான் நானாஸிலிருந்து தினமும் வருவார். ஆறு மாத ஒப்பந்தம், மார்ச்சோடு முடியும். நிரந்தரம் ஆக்குவதா வேண்டாமா என்பது எங்கள் மேலாளரின் கையில். மேலாளர் மலாய்ப் பெண்மணி. நாங்கள் மரியாதையாக ‘புவான்’ என்போம். புத்தகத்தில் அவர் வைத்த கட்டங்கள் இரண்டுதான்: சுடா, பெலும். மலாயில் ‘ஆயிற்று’, ‘இன்னும் இல்லை’ என்று பொருள்.

அந்த மென்பொருளின் வேலை, நெட்வொர்க்கில் ஓடும் தகவல்களை அள்ளி, ஒவ்வொன்றையும் பிரித்துப் படிப்பது. எங்கே தாமதம், எந்த இயந்திரம் தேவையில்லாமல் பேசுகிறது என்று அது காட்டிக் கொடுக்கும். அதிலேயே ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக பிப்ரவரித் தொடக்கத்தில் எச்சரிக்கை வந்தது. வேண்டுமென்றே கோணலாகச் செய்த பதிவுக் கோப்பு ஒன்றை அதில் திறந்தால் மென்பொருள் நிலைகுலையும். கோப்பை அனுப்பியவன் அந்தக் கணினிக்குள் கால் வைக்கவும் கூடும். அடுத்தவர் கடிதங்களைப் பிரித்துப் படிக்கவென்றே உட்கார்ந்திருப்பவனுக்கு, உறைக்குள் பிளேடு வைத்து அனுப்புவது போல. புதிய பதிப்பைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

ஐந்தாவது கணினி பேக்கிங் பகுதியில் இருந்தது. புதுப்பித்தால் அதை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். ஷிஃப்ட் மேற்பார்வையாளர், “சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க” என்றார். செய்யப்போகும் வேலையையும் காலையிலேயே ‘சுடா’ என்று எழுதிவிடுவது எங்கள் பிரிவின் வழக்கம், அன்றும் எழுதியாகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பின் நான் போகவில்லை. என்ன செய்தேன் என்பது என் சொந்த நாட்குறிப்பில் இருக்கிறது: 2.40க்கு மழை; பேன்ட்ரியில் உட்கார்ந்து ஒரு வரலாற்று நூலின் மூன்றாம் அத்தியாயத்தை முடித்தேன். வேறு காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

மூன்று வாரம் கழித்து, 27ஆம் தேதி, வியாழன் காலை. லேபிள் அச்சிடும் இயந்திரங்கள் மெதுவாகிவிட்டன என்று அந்தப் பெண் பேக்கிங் பகுதிக்குப் போயிருந்தார். அங்கிருந்து தொலைபேசினார்.

“அண்ணே, லேபிள் மிஷின் சப்ளையர் ஒரு ஃபைல் அனுப்பியிருக்காங்க, தொறந்து பாக்கச் சொல்லி. இந்த மிஷின்லயே தொறக்கலாமா? இது சுடாதானே?”

“சுடா, சுடா. புக்ல பாக்கலியா?”

“பாத்தேன். இருந்தாலும் உங்க வாயால கேட்டுக்கலாம்னு.”

“ஏம்மா, என் கையெழுத்து மேல நம்பிக்கை இல்லியா?”

“ரொம்ப அழகா எழுதியிருக்கீங்கண்ணே. அதான் சந்தேகமே.”

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் எனக்கு நினைவு வந்துவிட்டது. மறந்துபோய்ச் சொன்னேன் என்று இங்கே எழுதினால் இதை எழுதுவதே வீண். ‘கொஞ்சம் இரும்மா’ என்றால் போதும். பொய்யாக எழுதியதை ஒப்புக்கொள்ள வேண்டும், அதுவும் இந்தக் கிண்டலுக்குப் பிறகு. ஒரே ஒரு கோப்பு, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்து, போனை வைத்தேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

“அலமாக்! அண்ணே, ஸ்க்ரீன் அப்படியே செத்துப்போச்சு லா!”

கொஞ்ச நேரத்தில் லேபிள் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஓடிப்போய் கேபிள்களைப் பிடுங்கினோம். பேக்கிங் மறுநாள் மதியம்வரை ஓடவில்லை. அப்படியொரு கோப்பைத் தாங்கள் அனுப்பவே இல்லை என்றார் சப்ளையர்.

அன்று அந்தப் பெண் தேநீர் குடிக்கப் போன இடைவெளியில், அந்தக் கணினியை மறுபடி இயக்கி நான் செய்த முதல் வேலை, புதிய பதிப்பைப் போட்டதுதான். புவான் வந்து பார்த்தபோது புத்தகமும் திரையும் ஒன்றையே சொன்னன.

“மென்பொருள் புதியது. அந்த ஓட்டை வழியாக வந்திருக்க முடியாது. நீ வேறு எதையோ திறந்திருக்கிறாய்” என்றார் புவான் அந்தப் பெண்ணிடம், மலாயில்.

“அந்த ஒரு ஃபைல்தான் திறந்தேன், புவான்.”

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் திறந்தேன்’ என்று அவர் சொல்லியிருக்கலாம். நான் சொல்வேன் என்று காத்திருந்தார் என்றே இப்போது நினைக்கிறேன்.

ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. காரணம்: ‘கவனக்குறைவு’. கடைசி நாளில் மேசையைத் துடைத்து, சாவியை என் பக்கம் நகர்த்தினார்.

“வரேண்ணே. புக்கை பத்திரமா பாத்துக்குங்க.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பழைய ஆவணங்களில் பின்னால் மாற்றப்பட்ட தேதிகளைக் கண்டுபிடிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. கணினியிலும் அது மறையாது. மென்பொருள் நிறுவப்பட்ட நாளை அந்த ஐந்தாவது கணினியே குறித்து வைத்திருந்தது: பிப்ரவரி 27. யாரும் அதைத் தேடவில்லை. ஹரிராயா விடுமுறை முடிந்த முதல் நாள், அந்தத் திரையை அச்செடுத்துக்கொண்டு புவானிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு வாரம் முன்பு சொல்லியிருக்க வேண்டியது என்று எழுத வந்தேன். எண்ணிப் பார்த்தால் ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஒரு பெண்ணின் வேலை போக அது போதுமாக இருந்தது.

புவான் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார்.

“சுடா லா.”

அதே சொல். ‘லா’ சேர்ந்தால் பொருள் வேறு: போனது போகட்டும், விடு. அந்தப் பெண்ணின் இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்றாம், திங்கட்கிழமை வருகிறாராம். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, கோப்பில் இருக்கிறது. அவர் மேல் தப்பில்லை என்று அவருக்கும் ஒரு கடிதம் போக வேண்டும் என்று கேட்டேன். மனிதவளப் பிரிவிடம் சொல்கிறேன் என்றார் புவான்.

புத்தகத்தில் ‘ஐந்தும்’ என்ற சொல்லின் மேல், அடியில் இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, ‘நான்கு. ஐந்தாவது: 27 பிப்ரவரி, சம்பவத்துக்குப் பின்’ என்று எழுதி, திருத்திய நாளையும் போட்டுக் கையெழுத்திட்டேன்.

அந்தப் பெண்ணின் எண் என்னிடம் இருக்கிறது. பொந்தியானில் ஏதோ அலுவலகத்தில் சேர்ந்திருப்பதாகக் கேள்வி. நான் இன்னும் அழைக்கவில்லை. மனிதவளப் பிரிவு அந்தக் கடிதத்தை அனுப்பியதா, அவருடைய கோப்பில் ‘கவனக்குறைவு’ என்ற காரணம் நீக்கப்பட்டதா என்பது எனக்குத் தெரியாது. இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.