மதினி ஜெபிக்காத நாட்கள்

திருவிருந்துக்கு எல்லாரும் வரிசையாக எழுந்து போனபோது மதினி மட்டும் பெஞ்சை விட்டு அசையவில்லை. முழங்கையைத் தொட்டேன். நீ போ என்று கண்ணாலேயே சொன்னாள். சங்கரன்கோவிலில் எங்கள் சபையில் அப்படி யாரும் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை, அதுவும் மதினி! அண்ணனைக் கட்டி வந்த நாள் முதல், விடியலில் அவள் வாய்விட்டு ஜெபிக்கிற சத்தத்தில்தான் எங்கள் வீடு விழிக்கும். அடுப்படியில் நின்றுகொண்டும் ஆண்டவரிடம் பேசுவாள். பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுவது போல, சிரிப்பும் சலிப்புமாக.

அவளுக்கு ஒரே மகன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவன் காய்ச்சலில் விழுந்தான். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவன் கிடந்தபோது சபையே உபவாசம் இருந்தது. "எம் பிள்ளைய தந்துருவாரு" என்று, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் மதினிதான் தைரியம் சொன்னாள். பிள்ளை பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்து வந்தவளிடம் ஆண்டவர் சித்தம் என்று ஆள் மாற்றி ஆள் சொன்னார்கள். மறுநாள் விடிந்தது, வீட்டில் சத்தமே இல்லை. அந்த அமைதியில் படுத்துக் கிடக்க எனக்குப் பயமாக இருந்தது.

அதன் பிறகு அவள் ஜெபிக்கவில்லை, வேதத்தைத் திறக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை தோறும் பூச்சந்தைக்குப் போய் சம்பங்கி வாங்கிவந்து, எங்கள் சபைக் கோயிலின் பீடத்தைத் துடைத்துப் பூ வைப்பது மட்டும் நிற்கவில்லை. பலருக்கு அது பொறுக்கவில்லை. ஜெபமே இல்லாதவள் பீடத்தைத் தொடலாமா என்று பெண்கள் ஐக்கியத்தில் பேச்சு கிளம்பியது. அண்ணனும் முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்தார். நானே ஒருநாள் கேட்டுவிட்டேன்: "பின்ன எதுக்கு மதினி போறீங்க?"

"ஆண்டவருகூடப் பேச்சுவார்த்த இல்லட்டி. அதுக்காவ வீட்டு ஆளுக்குச் சோறு போடாம இருப்பமா?"

வெறுக்க முடிந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அது முடியவில்லை. கிட்டே போகவும் முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் பூ வைத்துக்கொண்டிருந்தபோது, பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு இளம்பெண் கோயிலுக்குள் வந்தாள். தலைப்பிள்ளை பிறந்த அன்றே இறந்துவிட்டதாம். மதினியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. "எனக்காவ ஒரு ஜெபம் பண்ணுங்கக்கா" என்றாள்.

சபைப் போதகர் ஐயரைக் கூட்டிவரத் திரும்பினேன். மதினி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, கரகரத்த குரலில்:

"ஆண்டவரே, இந்தப் பிள்ள வெறும் வயித்தத் தடவிக்கிட்டு உம்ம முன்னால இருக்கா. இவளுக்கு என்ன சொல்லன்னு எனக்குத் தெரியல. நீரே சொல்லும். எனக்கே நீரு இன்னும் ஒண்ணும் சொல்லல."

ஆமென் என்று அவள் முடிக்கவில்லை. அந்தப் பெண்தான் அழுதுகொண்டே சொன்னாள்.

வீட்டுக்கு நடக்கும்போது, "கோவம் போயிட்டா மதினி?" என்று கேட்டேன்.

"எங்க போச்சு? அந்தப் பிள்ளைக்காவத்தான் பேசுனேன்."

இப்போது விடியலில் மதினியின் குரல் மறுபடியும் கேட்கிறது. பழைய சிரிப்பு அதில் இல்லை. நோயாளிகளின் பெயர்களை, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்றாடுகிறாள். தனக்கென்று அவள் எதையும் கேட்டு நான் இன்றுவரை கேட்டதில்லை.